புளிப்புச் செர்ரிக்கு ஒரு ஜாமீன்

அன்புள்ள தேசாங்கா,

ஆறு பெருகி மாவு ஆலையை இழுத்துக்கொண்டு போன வருஷம், எங்கள் தோட்டத்துப் புளிப்புச் செர்ரியும் காய்க்காமல் நின்றது. நீ அப்போது எங்கள் வீட்டுக்கு மருமகளாய் வரவில்லை. அதன் வேர்க்கன்றைத்தான், காய்க்கவில்லையென்று, இப்போது வெட்டப் போவதாகச் சொல்லியனுப்பினாய்.

உன் முழங்கால் வலி தேவலையா? வியன்னாவில் நான் சுகம். பனியில் வழுக்கியதில் முழங்கை சற்று வீங்கி, வற்றிவிட்டது.

கன்றை வெட்டாதே, மிரட்டு. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அப்பா கோடாரியை ஓங்கினார். "சோம்பேறி மரமே, காய்க்கிறியா, அடுப்புக்குப் போறியா?" பக்கத்து வீட்டு ஜிவானா குறுக்கே வந்தாள். "விட்டுடுங்க மாமா, வர்ற வருஷம் காய்க்கும். நான் ஜாமீன்." மறுவருஷம் கிளை ஒடியக் காய்த்தது.

ஜாமீனுக்கு அடுத்த வீட்டு ஆள்தான் நிற்க வேண்டும். வேலிச் சண்டைக்குப் பிறகு நீ ஜிவானாவோடு பேசுவதில்லை, தெரியும். இருந்தாலும் கூப்பிடு. பழம் ஊறவைக்கப் பெரிய ஜாடியைக் கழுவி வை. காய்க்கிற கோடையில் நான் அங்கே இருப்பேன். கம்பளிக் காலுறை அனுப்பு, நீ பின்னியதாக.

நான் சொல்லச் சொல்ல எழுதித் தரும் பெண்ணுக்கு வேலைக்கு நேரமாகிறது. அன்று அந்த மரத்தடியில் நின்றவர்களில், என்னை விட்டால், இன்னும் உயிரோடிருப்பது ஜிவானா ஒருத்திதான்.