சேலை கார்டு இல்லாத வண்டி

என் வசந்தி அக்காவுக்கு,

நீ போய் நான்கு வருஷம் கழித்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தாமதம்தான், திட்டிக்கொள். நீ இருந்தபோது வாரத்துக்கு ஒரு இன்லேண்ட் எழுதினவள் நான். ஹாஸ்டல் சாம்பாரில் கரப்பான் மிதந்ததைக்கூட உனக்கு எழுதினேன். நீ போன பிறகு ஒரு வரி எழுத வரவில்லை. இந்த வாரம்தான் வருகிறது. எனக்குக் கோபம் வந்தால்தான் கை ஓடும் போலிருக்கிறது.

இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். "வீட்டு விஷயத்த ஊருக்குப் படிச்சுக் காட்டறியாடி?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். ஊர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பூவும் பொட்டுமாப் போயிட்டா. குடுத்து வச்சவ." இருபத்தாறு வயது உனக்கு. என்னத்தைக் கொடுத்து வைத்தாய்? யாரிடம்? ஒருத்தி சொன்னதும் பக்கத்தில் இருந்தவள் தலையை ஆட்டினாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி ஆட்டினாள். நானும் ஆட்டினேன் அக்கா.

சரி, என் சேதியைச் சொல்கிறேன். பி.எட். முடித்தேன். கல்யாணம் ஆயிற்று. இவர் இங்கே திருவண்ணாமலையில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். எனக்குக் கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூட வேலை. ஒரு பெண் குழந்தை, பத்து மாதம். உன் மூக்கு இல்லை, உன் பிடிவாதம் இருக்கிறது.

எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியும். அது எட்டேகாலுக்கு வந்த நாளை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் திரும்பும் பஸ் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நின்று வரும். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியில் நிற்பேன். வீட்டில் குழந்தை கத்தியே ஓய்ந்து தூங்கியிருக்கும். என் மாமியார், "வந்துட்டாங்க கலெக்டரம்மா" என்பார்.

இதற்கு நடுவில் அந்தப் புளியமரத் திருப்பம். தினமும் இரண்டு முறை பஸ் அதைத் தாண்டும். உன் முந்தானை பின்சக்கரத்தில் சுற்றி உன்னை வண்டியிலிருந்து இழுத்துப் போட்ட இடம். இரண்டு முறையும் கண்ணை மூடிக்கொள்வேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. நீ கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் இந்த ஊருக்கு டைப் அடிக்க வந்துகொண்டிருந்தாய். உன் வீட்டுக்காரர், என் மாமா, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியதும் அதன் பின்னால் உட்கார்ந்து வர ஆரம்பித்தாய். ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் இதே ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தபோது உன் நைலக்ஸ் சேலையின் முந்தானை ஓரம் கிழிந்து, கறுப்பாக கிரீஸ் அப்பியிருந்தது. "சக்கரத்துல லேசா மாட்டிச்சு, எடுத்துட்டேன்" என்று சிரித்தாய். அம்மா சேலைக்காக அழுதாள். அப்பா, சலவைக்காரரிடம் போட்டால் கறை போகுமா என்று கேட்டார். நான் மண்ணெண்ணெய் எடுத்து வந்து உட்கார்ந்து தேய்த்தேன்.

நான்கு பேர் இருந்தோம். நாலு பேரும் கறையைத்தான் பேசினோம். ஏன் அக்கா சிரித்தாய்? ஒரு தடவை பயந்திருக்கக்கூடாதா நீ? அடுத்த வாரமே போய்விட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஹாரன் சத்தம். இவர் குரல்.

"மாலதி, வெளிய வந்து பாரேன். இனிமே பஸ்ஸு தொல்ல ஒழிஞ்சுது!"

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். கறுப்புப் பெயிண்ட் பளபளக்க ஒரு மோட்டார் சைக்கிள். ஹாண்டில் பாரில் சாமந்தி மாலை, விளக்குக்கு மேல் சந்தனம், குங்குமம். பக்கத்தில் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் நம்பர் பலகையைப் பார்த்தேன். பழைய அரக்கு நிறத்தைக் கறுப்பாக்கலாம், நம்பரை என்ன செய்ய முடியும்?

"இது அக்கா வண்டி" என்றேன்.

இவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

"சும்மா கொட்டாயில துரு புடிச்சிக்கினு கெடந்துச்சும்மா" என்றார். "நீ கைக்கொழந்தய விட்டுட்டு பஸ்ல அவஸ்தப்படறன்னு மாப்ள சொன்னாரு. இன்ஜின் வேல பாத்தாச்சு. தோஷமெல்லாம் கழிச்சாச்சு. ஐயரைக் கூப்ட்டு பூசணிக்கா ஒடச்சு, மலைய ஒரு சுத்து சுத்தி, எட்டு லிங்கத்துக்கும் சூடம் காட்டிட்டேன். ஒரு கொறயும் வக்கல."

நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் உன்னை இன்னும் மறக்கவில்லை, வேறு கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் வண்டியின் இடது பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். பின்சக்கரம் மொட்டையாக இருந்தது. கம்பிகள் மட்டும் வெயிலில் மின்னின.

"சேலை கார்டு எங்க மாமா?"

"இன்னா கார்டு?"

"முந்தான சக்கரத்துக்குள்ள போகாம இருக்க மாட்டுவாங்களே. வலை மாதிரி."

அவர் விழித்தார். நான்கு வருஷம் கழித்தும் அவருக்கு அது தெரியவில்லை அக்கா. உன்னைக் கொன்றது எது என்று அந்த மனுஷன் ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. எட்டு லிங்கத்தையும் பார்த்திருக்கிறார், சக்கரத்தைப் பார்க்கவில்லை. என்னையும் என் பெண்ணையும் அதே இடத்தில் உட்கார வைக்க மாலை போட்டுக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்.

எனக்கு அப்போது வந்த கோபத்தில், குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, வண்டியின் ஹாண்டில் பாரைப் பிடித்துத் தள்ளினேன். அது நகரவில்லை.

"எங்கடி போற? கியர்ல இருக்குது. நியூட்ரல் போடாம தள்ளுனா எப்டி வரும்?" என்றார் இவர்.

"அப்போ போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தார். தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினேன். "பாருடா, பொம்பள ஒருத்தியே தேரு இழுக்கறா!" என்று பின்னாலிருந்து மாமியார் குரல். மூலையில் பூ விற்கும் அம்மா, "டீச்சரம்மா, பெட்ரோல் தீந்துடுச்சா?" என்றாள். இவரும் மாமாவும் பத்தடி தள்ளி, என்னோடு வருகிறவர்கள் மாதிரியும் வராதவர்கள் மாதிரியும் வந்தார்கள். பே கோபுரம் பக்கம் இருக்கும் காதர் பாய் பட்டறை வரைக்கும் நானே தள்ளினேன். மாமா இந்த வண்டியை முதலில் வாங்கியதும் அந்தப் பட்டறையில்தான்.

பாய் ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார். பெயிண்ட்டைத் தாண்டி அவருக்கும் தெரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இதுக்குச் சேலை கார்டு போடணும் பாய்" என்றேன்.

"அன்னிக்கே போட வேண்டியதும்மா" என்றார். "லாட்ஜ்காரர் பையன் விக்கச் சொல்லி எங்கிட்ட விட்ட வண்டி இது. ஸ்டைலா இல்லன்னு கழட்டி எங்கியோ எறிஞ்சுட்டான். உங்க மாமா வாங்க வந்தப்ப, வேற ஒண்ணு கெடக்குது, அரை மணி நேரம் உக்காருங்க, மாட்டிக் குடுத்துடறேன்னேன். வெள்ளிக்கெழம அது. ஜும்மாவுக்குப் போறதுக்குள்ள முடிச்சுடலாம்னு ஸ்பேனர்கூட எடுத்துட்டேன். அவரும் சரின்னு பெஞ்ச்ல உக்காந்தாரு. டீக்குச் சொல்லி அனுப்பிச்சேன்."

நான் மாமா பக்கம் திரும்பினேன். அத்தனை வருஷக் கோபமும் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. "அப்புறம் ஏன் போடல? ஏன் எழுந்து போனீங்க?"

பாய் என்னைப் பார்த்தார்.

"நீங்கதானேம்மா ஓடியாந்தீங்க?"

"நானா?"

"தாவணி போட்டுக்கினு, மூச்சு வாங்க. பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள கோயில் வாசல்ல பூஜை போட்டாவணும், கார்டு நாளைக்கி மாட்டிக்கலாம் வாங்க மாமான்னீங்க. அவரு எழுந்து போயிட்டாரு. டீ வந்துச்சு, குடிக்க ஆள் இல்ல."

அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அக்கா, எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவர் சொன்ன பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கோடை லீவுக்கு வந்திருந்தேன். அப்பா நேரமே பார்க்கவில்லை, அம்மா அடுப்படியில் இருந்தாள். நாள்காட்டித் தாளைக் கிழித்தவள் நான். ராகு காலத்தைப் பார்த்தவள் நான். யாரும் என்னை அனுப்பவில்லை. உனக்கு வரும் வண்டி நல்ல நேரத்தில் வர வேண்டும் என்று செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பி.எஸ்ஸி. பௌதிகம், கடைசி வருஷம். சுழலும் சக்கரத்தின் விசைக்குக் கணக்குப் போடத் தெரிந்தவள். "அரை மணி நேரமா? அய்யய்யோ" என்று சொன்னது என் வாய்.

நாளைக்கு என்று சொன்னேனே, அந்த நாளைக்கு யாராவது போனோமா?

"இத்தன வருஷம் ஏன் பாய் சொல்லல?" என்று கேட்டேன்.

"யாரும் வந்து கேக்கலியேம்மா."

பெஞ்சில் உட்கார்ந்தேன். பாய் ஒரு கார்டைத் தேடி எடுத்து, ஷாக் அப்சார்பர் பக்கம் வைத்துப் பார்த்து, நெளிந்த இடத்தைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தி மாட்டினார். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இருபது நிமிஷம்.

அதோடு விடவில்லை நான். பிரேக் ஒயரைக் காட்டச் சொன்னேன். செயின் எவ்வளவு தொங்கலாம் என்று கேட்டேன், விரலால் தூக்கிக் காட்டினார். தேய்ந்திருந்த பின் டயரை மாற்றினால்தான் கொண்டுபோவேன் என்று நின்றேன். பாய் இவரைப் பார்த்து, "பெட்ரோல் போடறப்பல்லாம் ஆயில் கலந்து ஊத்தணும் சார், மறந்தா இன்ஜின் புடிச்சுக்கும்" என்றார். "எங்கிட்ட சொல்லுங்க பாய், நான் ஞாபகம் வச்சுக்கறேன்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. நான் ஞாபகம் வைத்துக்கொள்கிற லட்சணம் அது.

திரும்பும்போது மாமாவை நிறுத்தினேன்.

"பாய் சொன்னது கேட்டுச்சுல்ல? நான்தான் உங்கள எழுப்பிக் கூட்டிக்கினு போயிருக்கேன். திட்டுங்க மாமா."

"உன்ன எதுக்கும்மா திட்டப்போறேன்? அவ நேரம் அப்டி."

"நேரம் இல்ல மாமா! ஒரு இரும்பு வலை. நீங்க மாட்டல, நான் மாட்ட விடல."

"விடும்மா. நீ சின்னப் பொண்ணு அப்போ" என்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருவரும் ஒருவரையும் திட்டமாட்டேன் என்கிறார்கள். பழியை எல்லாம் தூக்கி நேரத்தின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறார்கள். அவர் என் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். யார் என்னைத் திட்டுவது? நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாயா? அப்போதும் சிரித்திருப்பாயா?

திங்கட்கிழமை அதே வண்டியில் ஏறினேன். குழந்தையை ஏற்றவில்லை. அவள் நடந்து, ஓடி, பிடித்து உட்காரத் தெரியும் வரைக்கும் ஏற்றமாட்டேன். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி, அதன்மேல் ஊக்கு குத்தினேன். இவர் நாலு உதை உதைத்த பிறகு வண்டி கிளம்பியது. புளியமரத் திருப்பத்தில் நிறுத்தச் சொன்னேன். இறங்கி நின்றேன். ஒன்றும் இல்லை அங்கே. தார் ரோடு, கொஞ்சம் புளியங்கொட்டை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "நேரமாவுதும்மா" என்றார் இவர். "ஆகட்டும்" என்றேன்.

முதல் மணிக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். சாயங்காலம் குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் வீட்டில் இருந்தேன். என்ன கொடுமை பார் அக்கா, இது நல்ல வண்டி. காற்று முகத்தில் அடிக்கிறது. பஸ் நாற்றம் இல்லை, இடி இல்லை. உனக்கு இது எவ்வளவு பிடித்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. வயதாகும் வரைக்கும் நீ இதில் போய் வந்திருக்கலாம்.

என் பெண் வளர்ந்து ஒருநாள் கேட்பாள், படத்தில் இருக்கும் பெரியம்மா எப்படிச் செத்துப்போனாள் என்று. அதற்குள் நேரம், விதி, கொடுத்து வைத்தவள் என்று ஆளுக்கொன்று அவள் காதில் போட்டிருப்பார்கள். நான் அவளை உட்கார வைத்துச் சொல்வேன்: இருபது நிமிஷ வேலை, உன் அம்மாதான் வேண்டாம் என்றாள். அவள் என்னை எப்படிப் பார்த்தாலும் சரி, அதில் ஒரு சொல்லையும் குறைக்கமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி மாலதி