ஞாயிறுக்குள் பாகலூர்

4-1-54, திங்கள். ஓசூர்

பனி. மார்கழி பஜனைக்கு விடியலில் ஆர்மோனியப் பெட்டி வாசித்தேன். விரல் மரத்துப்போய் இரண்டு இடத்தில் சுரம் தப்பியது. ரஹீமாக இதே மலையடியில் பத்து வருஷம் வாசித்தபோது தப்பினால் சிரிப்பார்கள். நாலு மாசமாகச் சிவதாசன். இப்போது தப்பினாலும் பக்திப் பரவசம் என்கிறார்கள்.

வேலைகள்: துருத்தித் தோல் ஒட்ட. சவரம். பாகலூர் போய் அம்மாவைப் பார்க்க.

முதல் இரண்டும் ஆயிற்று.

5-1, செவ்வாய்

ஜவுளிக்கடைச் செட்டியார் வந்தார். ஞாயிறு கிருஷ்ணகிரியில் நான் இந்துவானதற்குப் பாராட்டு விழா, அவர் தலைமை. நான் பேச வேண்டியதையும் அவரே எழுதிவிட்டார். நாலு பக்கம். பெட்டி வாசிக்கிறேனே என்றேன். "அது கடைசில வாசிங்க."

முதல் பக்கம் முழுக்க எனக்கு முன்னால் இஸ்லாத்திலிருந்து மாறி வந்த பெரிய மனிதர்கள். அந்தக் காலத்து ராஜா, கவி, பண்டிதர். வரிசையின் கடைசியில் நான், பெட்டிக்காரன். சிரிப்பு வந்தது. அவர்களுடைய அம்மாக்கள் என்ன சொன்னார்கள் என்று மட்டும் எங்கும் இல்லை.

மூன்றாம் பக்கம்: "என் தாயாரும் மனமார வாழ்த்தி அனுப்பினார்."

"நான் மாறினப்புறம் அம்மாவைப் பாக்கவே இல்லீங்களே."

"பெத்தவங்க வாழ்த்தாம இருப்பாங்களா? நீங்க படிங்க, போதும்."

பொய்யைப் படிக்க மாட்டேன். ஞாயிறுக்குள் அம்மாவைப் பார்த்துக் கேட்டாக வேண்டும்.

ஏன் மாறினாய் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். யாரோடும் சண்டை இல்லை. பாட்டு இழுத்தது, போனேன். பிறந்த வீட்டின்மேல் ஒரு குறையும் இல்லை. இதை மேடையில் சொன்னால் ஒருவரும் கை தட்டமாட்டார்.

7-1, வியாழன்

பாகலூர் பஸ் இரண்டை விட்டேன். முதலாவதில் கூட்டம். இரண்டாவது காலி. பயம்தான், வேறென்ன.

பஸ் நிற்கும் இடத்தில் ரெட்டி வீட்டு அக்கா. அம்மாவுக்குப் பக்கத்து வீடு. "பேப்பர்ல உன் போட்டோவ உங்கம்மாவுக்கு நான்தாம்ப்பா காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"மெலிஞ்சிட்டான்னாங்க. அவ்வளவுதான்."

சனிக்கிழமை வருவதாகச் சொல்லச் சொன்னேன். இனி தப்பிக்க முடியாது.

8-1, வெள்ளி

மத்தியானம் மசூதியில் பாங்கு. கடைவீதியில் கால் தானாக நின்றுவிட்டது. செருப்பைச் சரி செய்வதுபோல் குனிந்தேன். யாருக்காக இந்த நாடகம்? நாள் முழுக்க எரிச்சல். பஜனைக்காரர்களிடம் வள்ளென்று விழுந்தேன்.

9-1, சனி. பாகலூர் போய் வந்து

பஸ்ஸில் ஏறியதும் திருநீற்றை அழித்தேன். இறங்குமுன் வெட்கமாகி மறுபடி பூசிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த கௌடர் முறைத்துப் பார்த்தார்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க. உக்காருங்க."

தமிழில்! பிறந்தது முதல் என்னிடம் உருது தவிர வேறு பேசியதில்லை. தமிழ், வெளியாட்களுக்கு.

கூடத்தில் வாழை இலை. சோறு, பருப்பு, பொரியல். "ரெட்டி வீட்ல ஆக்கினது. சொம்பும் அவங்களதுதான். நான் எதையும் தொடல. தைரியமா சாப்பிடுங்க."

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இந்து விருந்தாளிகளுக்குத் தனி அடுப்பு, அவர்கள் ஆட்களை வைத்தே சமையல். குறை வரக்கூடாது என்று அவ்வளவு கவனம். அதே மரியாதையை எனக்கும் செய்துவிட்டாள். நாலு அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இலைமுன் உட்கார்ந்தேன். கை போகவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனேன். சட்டியில் களி உருண்டை, அவரைக்காய்க் குழம்பு. தரையில் உட்கார்ந்து, களியைப் பிட்டு வாயில் போட்டேன்.

பின்னாலேயே ஓடி வந்தாள். "ஏய் கழுத, அது ஆறிப்போச்சு! தள்ளு, சூடு பண்ணித் தரேன்." உருதுவில்.

சூடு பண்ணினாள். தட்டில் போட்டாள். நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்த்துவாயா என்று கேட்டேவிட்டேன்.

"நீ செஞ்சது எனக்குப் பிடிக்கல. சாகிற வரைக்கும் பிடிக்காது. இன்னொரு உருண்டை போடட்டுமா?"