காத்து அடிக்குது என்று சொன்ன வாய்

தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்து வீடுகளுக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் படுத்திருக்கிற என் கடைக்குட்டி, செல்வம் ராசாவுக்கு,

மூணாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். "நான் எழுதித் தர்றேன் அம்மாயி" என்றாள் உன் அக்கா மகள். வேண்டாம் என்றுவிட்டேன். இது அந்தப் பிள்ளை கையால் எழுதக்கூடிய சங்கதி இல்லை.

நீ பேராதனைக் கெம்பஸில் என்ன படிக்கிறாய் என்று கேட்டவர்களுக்கு "காத்தாடி படிக்கிறான்" என்பேன். லயமே சிரிக்கும். நீ மட்டும் சிரிக்கவில்லை.

"ஆமாம்மா, கரண்டு எடுக்கிற காத்தாடி. தென்னமரம் ஒசரத்துக்கு எறக்கை. காத்து பலமா அடிச்சா அடியிலயே முறிஞ்சிரும். அந்தப் பாரத்த எப்படிக் கொறைக்கிறதுன்னு பாக்குறோம்."

"அம்புட்டுப் பெரிய காத்தாடி கண்டியில எங்கடா இருக்கு?"

"கொம்பியூட்டருக்குள்ளம்மா. எறக்கையும் பொய், காத்தும் பொய். நெச எறக்கை ஒடியிறதுக்கு முன்னால, பொய்க்காத்துல ஒடிச்சுப் பாத்துக்குறோம்."

மலை உச்சியில் காத்து வந்தால் நாங்கள் கூடையோடு எதிர்த்து நிற்க மாட்டோம், ஒருக்களித்துத் திரும்பிக்கொள்வோம் என்றேன். துள்ளி எழும்பினாய். "அதேதாம்மா! எறக்கையும் கொஞ்சம் திரும்பிக் குடுக்கணும், கொஞ்சம் வளையணும்!" கொப்பியில் இறக்கைப் படத்துக்குப் பக்கத்தில் கூடைக்காரி ஒருத்தியையும் வரைந்தாய்.

"மூக்கு ஏண்டா எனக்கு இம்புட்டுப் பெருசு?"

"அதுலயும் காத்துப் பிடிக்கும்மா."

அந்தக் கொப்பியைத்தான் அவர்கள் தூக்கினார்கள்.

எங்கோ குண்டு வெடித்த மறுவாரம். விடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் துவக்கோடு வந்து லயத்தை வளைத்தார்கள். பையன்களை எல்லாம் மேலே ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள், உன்னையும். ஒருத்தன் நம் வீட்டுக் காம்பராவைக் கிளறிக் கொப்பியை எடுத்து, இது என்ன என்று சிங்களத்தில் என்னைக் கேட்டான். பத்தடி தள்ளித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நின்றார். சிங்களமும் இங்கிலீசும் தெரிந்த மனுசன். "ஐயா, கொஞ்சம் சொல்லுங்கய்யா" என்றேன். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் செத்தபோது லயமே போனது, நான் போகவில்லை. அந்த வீட்டுத் தண்ணி இன்றைக்கும் என் தொண்டையில் இறங்காது.

நானே சொன்னேன். காத்து அடிக்கிற கணக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம். அடிக்கிறதுக்கு 'கஹனவா'. கணக்குக்கு 'கணன்'. காத்துக்கு என்ன? வாயில் வரவில்லை. பயத்தில் காத்தை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

"மே கஹன கணன், மாத்தயா." இது அடிக்கிற கணக்கு, ஐயா.

"காட்டத கஹன்னே?" என்றான். யாரை அடிக்க?

அப்போது எனக்கு 'கஹன்னே' மட்டும்தான் பிடிபட்டது. விளங்கிக்கொண்டான் என்று நினைத்தேன், ராசா. சந்தோசமாகத் தலையை ஆட்டினேன்.

பதினோரு மாதம் கழித்து, சிறையிலிருந்து நெஞ்சு ஒடுங்கி வந்து சேர்ந்தாய். "காத்து எறக்கையில வந்து படுற சாய்வுக்கு இங்கிலீசுல அட்டாக்குன்னு ஒரு பேரும்மா. தாக்குறதுன்னு அர்த்தம். பக்கத்துக்குப் பக்கம் எழுதி வச்சிருந்தேன். என் எழுத்தே என்னக் காட்டிக் குடுத்துருச்சு" என்று சிரித்தாய். சிரிப்போடு இருமல் வந்தது. நான் சுடுதண்ணி எடுக்கப் போனேன்.

நான் தலையாட்டியதை அப்போதே சொல்லியிருக்கலாம். மழை முடியும்வரை உனக்கு உயிர் இருந்தது, எனக்கு நாள் இருந்தது. உன் எழுத்தையே குற்றம் சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். கணக்கப்பிள்ளையை இத்தனை வருசமாகத் திட்டுகிறேனே, உன் பாயோரம் நான் எதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்?

சண்டை இன்னும் ஓயவில்லை. பேராதனை பஸ்ஸில் இன்னும் இறக்கிச் சோதித்துத்தான் ஏற்றுகிறார்கள். உன் அக்கா மகள் பையோடு கிளம்பும்போது, "ஆராச்சும் கேட்டா நீயே பதில் சொல்லு, என்னக் கூப்பிட்டுறாத" என்கிறேன். அவளுக்கு விளங்கவில்லை.

போன மாதம் கலஹா கடைத்தெருவில் கீரை விற்கிற, தமிழும் பேசுகிற சிங்களப் பொம்பளையிடம், காத்து அடிக்கிறதுக்கு உங்க பாஷையில் என்ன என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். "ஹுளங் ஹமனவா" என்றாள். ஹுளங்தான் காத்து. "எங்க பாஷையில காத்து ஆரையும் அடிக்காது, ஆச்சி" என்று சிரித்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நம் பாஷையிலும் 'வீசுது' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது ஏன் லயத்துப் பக்கம் வரவேயில்லை?

நீ சொன்ன பொய்க்காத்தை நானும் ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு தடவை சரியான சொல்லைச் சொல்கிறேன். ஒரு தடவை ஊமையாக நிற்கிறேன். ஒரு தடவை கொப்பியை முன்கூட்டியே அடுப்பில் போட்டுவிடுகிறேன். எப்படி ஓட்டினாலும் உன்னைக் கொண்டுதான் போகிறார்கள். நான் எந்தச் சாய்வில் நின்றிருந்தால் நீ முறிந்திருக்க மாட்டாய்? படித்தவன் நீ, சொல்லேன்.

உன் எழுத்தில் குற்றமில்லை, சாமி. இனிமேல் எவ்வளவு பலமாக வந்தாலும் காத்து அடிக்குது என்று இந்த வாய் சொல்லாது. நேற்றுக் கூரைத் தகரம் பிய்ந்து பறந்தது. "என்னா அம்மாயி சத்தம்?" என்று பிள்ளை பயந்து கேட்டாள். "ஒண்ணுமில்ல, காத்து வீசுது" என்றேன்.

கொப்பியில் பெரிய மூக்கோடு நின்ற
உன் அம்மா