ஈரத்தில் எடுத்த அளவு

10.10.2011, திங்கள்

குத்தாலம் கொள்முதல் நிலையத்தில் அப்பாவின் குறுவை நெல்லை இன்றும் எடுக்கவில்லை. ஈரப்பதம் பத்தொன்பது சதவீதமாம். பதினேழுக்கு மேல் போனால் தொடமாட்டார்களாம். நாலு நாளாகத் தூறல். மனுஷன் நெல்லை அடுப்பில் வைத்தா காயவைப்பார்? எரிச்சலோடு துறைமுகத்துக்கு வேலைக்கு பஸ் ஏறினேன்.

12.10.2011

எங்கள் கம்பெனிக்குப் பழுதுபார்க்க ஒரு கப்பல் வந்திருக்கிறது. மார்ச்சில் ஜப்பான் அணு உலை வெடித்த நாட்களில் அந்தக் கரையோரம் நின்ற கப்பல். தளத்தில் கதிரியக்கத் தூசு இருக்கிறதா என்று அளப்பது என் வேலை. கயிறு சுற்றி இழுக்கும் துருவேறிய விஞ்ச் அடியில் மீட்டர் நிமிஷத்துக்குத் தொள்ளாயிரம் துடிப்பு காட்டியது. முந்நூறுக்குள் வந்தால்தான் ஆள் ஏறலாம். கழுவச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

13.10.2011

கழுவினார்கள். தண்ணீர்கூட வடியவில்லை, அதற்குள் மேனேஜர் டேவிட்சன் சார் வந்து, "அளங்க அருள்செல்வி" என்று நின்றார். இருநூற்றுப் பத்து.

"பாத்தீங்களா? சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடுங்க."

தண்ணீர் கதிரை மறைக்கும் சார், காயட்டும், அப்புறம் அளப்போம் என்றேன்.

"ஒரு நாள் லேட்டானா பார்ட்டி வேற கம்பெனிக்குப் போயிடுவான். உங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்குல்ல?"

என்ன திமிர்! நெல் ஈரமாக இருந்தால் வேண்டாம், கப்பல் ஈரமாக இருந்தால்தான் வேண்டும் — இது எந்த ஊர் நியாயம்? நாளை துரு சுரண்ட ஏறுவது பக்கீர் முகம்மது பாயும் ஏழு பேரும். அந்தத் தூசு அவங்க மூக்குக்குள்ளதானே போகும்? சாரா சுரண்டப் போறார்?

14.10.2011

கையெழுத்துப் போடவில்லை.

ராத்திரித் தூறலில் தளம் மறுபடி ஈரம். பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். சவூதியில் பன்னிரண்டு வருஷம் கப்பலுக்கு பெயின்ட் அடித்தவர். "அவ்வளவுதானேம்மா?" என்று, நான் தடுப்பதற்குள், தோளில் கிடந்த துண்டால் விஞ்ச் அடியைத் துடைத்துவிட்டார். அளந்தேன். அறுநூற்று நாற்பது! துண்டை மறுபடி தோளில் போடப் போனார்.

"ஐயோ பாய், போடாதீங்க!"

"எம்மவ நஜ்மா துபாய்லேருந்து அனுப்புனதும்மா."

பிடுங்காத குறையாக வாங்கினேன். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவச் சொன்னேன். ஃபேனில் காயவைத்து அளந்ததில் துண்டு மட்டுமே முந்நூற்று எண்பது. பிளாஸ்டிக் பையில் கட்டி, நேரே துறைமுகப் பாதுகாப்பு அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். எட்டுப் பேரும் கப்பலில் ஏறவில்லை.

17.10.2011

டேவிட்சன் சார் என்னோடு பேசுவதில்லை. நல்லதாப் போச்சு.

20.10.2011

அதிகாரி உத்தரவு. முகமூடி மாட்டி, துரு இடுக்கெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டாம் முறை கழுவி, வெயிலில் காயவிட்டு அளந்தோம். நூற்று இருபது. இதற்குக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகே பாய் ஏறினார். கும்பகோணத்தில் வாங்கிய புதுத் துண்டைக் கொடுத்தேன். "துபாய்த் துண்டு மாதிரி வருமா?" என்று சொல்லிக்கொண்டே தலையில் கட்டிக்கொண்டார்.

1.11.2011

கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை.

அப்பாவோடு கொள்முதல் நிலையம் போனேன். கடைசி வயல் நெல். பதினெட்டரை என்றார்கள். "எம்மவ மீட்டர் வேலை பாத்தவ. அவ பாத்துச் சொல்லட்டும்" என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார். இன்னொரு கை நெல் அள்ளிப் போட்டு நானே அளந்தேன். பதினெட்டரைதான். அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"காயட்டும்ப்பா. அப்புறம் அளப்போம்" என்று சாக்கைப் பிரித்தேன்.