புளித்தண்ணீரில் வேகாத சேனை

அக்கா, காலையில் சேனை நறுக்கிய கை இன்னும் அரிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவியும் அடங்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "உப்பத் தேச்சுக் கழுவுத்தா, சரியாப் போகும்" என்று சொல்லியிருப்பீர்கள். உங்கள் பேச்சைக் கேட்கும் நிலையில் இன்று நான் இல்லை.

நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் வைத்த முதல் பொங்கல் இது. போன வருஷம் உங்கள் துக்கத்தில் பானை ஏறவில்லை. இந்த வருஷம் உங்கள் மகளுக்குத் தலைப்பொங்கல். மாப்பிள்ளையோடு சின்னமனூரிலிருந்து சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். "பெரிய மருமகதான் இல்லையே, உருளிய இனிச் சின்னவ பாக்கட்டும்" என்று அத்தையே வாய் திறந்து சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கரண்டி என் கைக்கு வந்தது.

குமுளியில் வாங்கிய அந்த வெண்கல உருளியைக் கிண்டுகிறவள்தான் இந்த வீட்டு மருமகள் என்பது உங்களுக்குத் தெரியும். மஞ்சள் பூசணி, சேம்பு, சீனிக்கிழங்கு, குச்சிக்கிழங்கு, பச்சை மொச்சை என்று எல்லாவற்றையும் ஒன்றாய் வேகவிட்டு, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி, கரண்டி நிற்கிற பதத்துக்கு இறக்க வேண்டும். பங்காளி வீட்டார் அத்தனை பேருக்கும் பொங்கலன்று அந்த ஒரு கூட்டுதான். சேனையை மட்டும் தனிப்பானையில் புளித்தண்ணீர் விட்டு வேகவைத்து, வடித்துவிட்டுத்தான் உருளியில் சேர்ப்போம். இல்லாவிட்டால் தொண்டையைப் பிடுங்கிவிடும்.

கல்யாணமான முதல் பொங்கலுக்கு எனக்கு அந்த உருளியைக் கொடுத்தார்கள். மயிலாடும்பாறை மானாவாரிக் காட்டிலிருந்து திராட்சைத் தோட்டத்து வீட்டுக்கு வந்தவள் நான். எனக்கு இருந்த பயத்தில் புளியை இரண்டு தடவை கரைத்தேன். சேனையைத் தரையடுப்பில் ஏற்றிவிட்டு, உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

பந்தியில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். கரும்புக் கட்டும் வெண்கலப்பானையுமாகப் பொங்கல் சீர் கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முதலில் சின்ன மாமனார் இருமினார். பிறகு வரிசையாக எல்லோரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மோர் கொண்டுவரச் சொல்லி ஒரே கூச்சல். "சேனைய வேகவைக்கக்கூடச் சொல்லிக் குடுக்காம வளத்துருக்காக" என்று அத்தை அப்பா காதில் விழும்படியேதான் சொன்னார். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்து நின்றார். "எம்மக சின்னப்புள்ள, தெரியாமச் செஞ்சிருச்சு. பொறுத்துக்கங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் கும்பிட்டார்.

மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் நின்று அழுதவளைத் தேடி வந்தது நீங்கள் மட்டும்தான். "அக்கா, நான் புளி ஊத்துனேன்ல? நீங்க பாத்தீகள்ல?" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உங்கள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "வேல அவசரத்துல மறந்துருப்ப. விடுத்தா, நான் இருக்கேன்ல" என்றீர்கள்.

நீங்களே சொன்னதால் நம்பினேன். ஊற்றினேனா இல்லையா என்று என் கைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு குழம்புக்கு உப்புப் போட்டால்கூட யாரையாவது சாட்சிக்கு வைத்துக்கொண்டுதான் போட்டேன். அப்பா சீர் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. ஆனால் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். ஐந்து பொங்கல் அப்படி வந்தார். ஆறாவது பொங்கலுக்கு அவர் இல்லை. அந்தச் சாவுக்கு என்னோடு வந்து மூன்று நாள் தங்கி என்னை அணைத்துக்கொண்டு கிடந்ததும் நீங்கள்தான். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஆள் உண்டென்றால் அது நீங்கள் என்றே இத்தனை நாளும் இருந்தேன்.

இன்று காலை சேனைப் பானையில் நான் புளியை ஊற்றும்போது உங்கள் மகள் சிரித்தாள். "இந்தத் தடவ பானைய மேடை மேலயே வைங்க சித்தி. அன்னைக்கு எங்கம்மா கால் பட்டுத்தான கவுந்துச்சு" என்றாள்.

என்னவென்று கேட்டேன். புளித்தண்ணீர் முழுக்கத் தரையில் போனதாம். வீட்டில் வேறு புளி இல்லையாம். அத்தைக்குப் பயந்து, அரைவேக்காட்டுச் சேனையை அள்ளிக் கழுவி நேராக உருளியில் போட்டுவிட்டீர்களாம். எட்டு வயதுப் பிள்ளையிடம் வெல்லக்கட்டியைக் கொடுத்து, யாரிடமும் சொல்லாதே என்றீர்களாம். "உங்ககிட்ட அப்பவே சொல்லிட்டாகன்னுல்ல நெனச்சேன், சித்தி" என்றவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

கால் பட்டுப் பானை கவிழ்ந்ததில் எனக்குக் கோபமில்லை, அக்கா. அத்தைக்குப் பயந்ததிலும் இல்லை, நானும் பயந்தவள்தான். என் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே "மறந்துருப்ப" என்று எப்படிச் சொன்னீர்கள்? பந்தியில் சொல்ல முடியாவிட்டால் போகட்டும். அப்பா ஐந்து வருஷம் அந்த வாசலில் நின்றபோது ஒரு நாள், அவர் காதில் மட்டும், ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் உங்களுக்குக் கஞ்சி ஊட்டினேனே, அப்போதாவது?

மத்தியானம் பந்தி உட்கார்ந்தது. சம்பந்தி அம்மாள் கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "இவதான் அன்னைக்கு ஊருத் தொண்டையவே அரிக்க வச்சவ. சேனைய வேகவைக்க இப்பத்தான் படிச்சிருக்கா" என்று சிரித்தார். பந்தியே சிரித்தது. உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

உங்கள் மகள் சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றாள். புதுத் தாலி, எதிரே மாமியார், பக்கத்தில் புருஷன். அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்தேன்.

"ஆமாத்த, இப்பத்தான் படிச்சேன்" என்றேன்.

அந்தப் பிள்ளைக்காகச் சொன்னேன், உங்களுக்காக இல்லை. உங்களை நான் மன்னிக்கவில்லை. என் மேல் தப்பில்லை என்று இன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா. அதைப் போய்ச் சொல்ல அப்பா இல்லை.