சுருளிக்குத் தினம் மூன்று குடம்

12.3.1981, வியாழன்

மொச்சை பறித்தாயிற்று. ஏழு முட்டை. இந்த மாதம் உப்பும் மண்ணெண்ணெயும் தவிர போடிச் சந்தையில் எதுவும் வாங்கவில்லை. நினைத்தாலே குதிக்கத் தோன்றியது. யாரும் இல்லை, குதித்தேன்.

சந்தோஷம் மதியம் வரைதான். அப்பா சொன்னார்: "பங்குனிப் பொங்கலுக்குச் சுருளிய வெட்டணும் ஆத்தா. நீ பி.எஸ்ஸி. பாஸானா கிடா வெட்டுறேன்னு கருப்பசாமிக்கு நேந்திருக்கேன்ல."

சுருளி என் ஒரே கிடா. அவன் போனால் என் ஐந்து பெட்டைகளுக்குக் குட்டி ஏது? ஆடு பெருகினால்தான் இந்த மலையடிவாரத்திலேயே நான் பிழைக்க முடியும். பேசாமல் ஃபெயிலாகியிருக்கலாமோ?

13.3.

அம்மாவிடம் விசாரித்தேன். தண்ணீர் ஊற்றும்போது ஆடு உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு. மூன்று தடவை ஊற்றியும் சிலுப்பாவிட்டால்?

"சாமிக்கு வேணாம்னு அர்த்தம். எந்த ஆடுடி சிலுப்பாம நிக்கும்?"

ஆமாம், எந்த ஆடு?

14.3.

சுருளிக்கு மூன்று குடம் ஓடைத் தண்ணீர். சிலுப்பினான். குளித்தது நான்தான்.

22.3.

சிலுப்பல் குறைகிறது.

"எதுக்கு ஆத்தா தெனம் குளிப்பாட்டுற?"

"உண்ணி இருக்குப்பா."

பொய் சொன்னால் என் காது சிவக்கும். அப்பா காதையே பார்த்தார்.

2.4.

மூன்று குடமும் ஊற்றினேன். அசை போட்டுக்கொண்டு நின்றான். என் தங்கம்!

7.4., செவ்வாய்

பங்குனிப் பொங்கல், கருப்பசாமி கோயில். பூசாரி மொக்கச்சாமி முதல் சொம்பை ஊற்றினார். சுருளி சும்மா நின்றான். இரண்டாவது. கழுத்து மாலையிலிருந்து ஒரு பூவை இழுத்துத் தின்றான்.

"ஆட்டப் புடிச்சு வந்தீகளா, அம்மிக்கல்லயா?" என்றார் கோட்டைச்சாமிப் பெரியப்பா.

மூன்றாவது சொம்பை அப்பா கேட்டு வாங்கினார். வால் பக்கம் — மெதுவாக, சொட்டுச் சொட்டாக. "காதுல ஊத்துப்பா" என்று யாரோ கத்தினார்கள். அப்பாவுக்குக் கேட்கவே இல்லை.

"சாமி வேணாம்ங்குது" என்றார் பூசாரி. சர்க்கரைப் பொங்கலோடு முடிந்தது.

திரும்பும் வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உண்ணி போயிருச்சா?"

சிரிப்பை அடக்கி விக்கல் வந்துவிட்டது.

26.4., ஞாயிறு

சாமியே விட்டுவைத்த கிடாவாம். விடிந்ததிலிருந்து பொட்டிபுரத்துப் பெண்கள் பெட்டையாடுகளைச் சுருளியிடம் சினைக்கு விட ஓட்டிக்கொண்டு வாசலில். "என் ஆடுதான் மொதல்ல" என்று ஒச்சம்மாள் அக்கா ஒரே சண்டை. கல்லூரியில் பெயர் சொல்லி எழுந்து நிற்கவே பயந்தவள் நான். இன்று பாறை மேல் ஏறி நின்று சொன்னேன்:

"வரிசைல வாங்க. ரெண்டு குட்டி போட்டா ஒண்ணு எனக்கு."

வரிசையில் நின்றார்கள்.