நாள் தள்ளிப்போவதெல்லாம் பிள்ளை அல்ல

ஜூலை 5, சனி

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வெளியே சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. முற்றம், கதிரை, தேநீர்க் கோப்பை, எல்லாவற்றிலும் மணல். தண்ணீர் மோட்டார் பழுது. திருத்துகிறவன் "இந்தா வாறன் சேர்" என்கிறான், வருவதில்லை.

காலையில் நிஸாரின் அழைப்பு. என் மனைவி ஸரீனாவின் அண்ணன்; அவள் வாயில் நானா. உப்பளம், இரண்டு லொறி, பெரிய குரல்.

"மச்சான், நம்மட ரிஸ்னா முழுகாம இருக்கா! மூணு மாசம் கழிஞ்சிட்டுது, இனிச் சொல்லலாம். நாளைக்கு ஆலங்குடாவுக்கு வாங்க. சம்பந்தி வீட்டுல சோறு."

ரிஸ்னா அவன் மகள். இருபத்து மூன்று வயது. என்னிடம்தான் உயர்தர உயிரியல் படித்தாள். சூலகத்தின் படத்தை வகுப்பிலேயே மிகச் சுத்தமாக வரைந்தவள்.

ஸரீனாவிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு, கழுவி வைத்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவினாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஆலங்குடா. வானம் முழுக்க வெள்ளைக்காரரின் பட்டங்கள். ரிஸ்னாவின் கணவன் இர்ஷாத் கரையோர ஹோட்டல் ஒன்றில் அவர்களுக்குப் பட்டம் பிடித்து அலையில் ஓடக் கற்றுக்கொடுக்கிறான். பேச்சுக் குறைவு. எனக்குப் பிடித்த ஒரே சம்பந்தம்.

ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர். நிஸார் எனக்கு நேரெதிரே. புரியாணியில் கை வைத்ததும் தொடங்கிவிட்டான்.

"மச்சான்ட பாத்தியில எவ்வளவு வெயில் அடிச்சும் உப்பு வெளையல்ல. எங்கட மருமகனப் பாருங்க, மொத வருசமே அள்ளிட்டான்!"

சிரிப்பு. நான் சோற்றைப் பிசைந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை; குறை என்னிடம் என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம். ஊருக்குச் சொன்னவன் நான்தான்.

இந்தக் கரையில் எனக்குள்ள பட்டங்கள்: அகதி மாப்பிள்ளை (தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து பையோடு வந்தவன்). பாடசாலை அதிபர் ஆகாமலே ஓய்வுபெற்ற ஆசிரியர் (ஆனவருக்கு ஒரு விடுமுறைக் கடிதம் பிழையில்லாமல் எழுத வராது). உப்பு விளையாத பாத்தி.

சாப்பிட்ட பின் ரிஸ்னாவிடம் கேட்டேன், கர்ப்பிணிக் கிளினிக் கார்ட் போட்டாச்சா என்று. அவளுடைய மாமியார் முந்திக்கொண்டார்.

"எங்க சேர்! மிட்வைஃபுக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. கண்ணூறு படும். மூணு மாசமும் ஒரு காக்காவுக்கும் தெரிய விடல்ல."

"சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"நாள்தான் நிண்டுட்டே! பொறகு என்னத்தச் சோதிக்கிற?"

வீட்டுக்கு வரும் வழியில் ஸரீனா சொன்னது: உள்ளே வட்டிலப்பத்தை ஒரு கரண்டி எடுத்து ரிஸ்னாவின் வாயருகே கொண்டுபோயிருக்கிறாள். மாமியார் கையைப் பிடித்தாராம். "நீங்க வேணாம் ஸரீனா. புள்ள பெத்த ஆராச்சும் குடுக்கட்டும்."

குறையை நான் சுமந்தும் அவளுக்கு இந்த மரியாதைதான்.

ஜூலை 7, திங்கள்

மோட்டார்க்காரன் வரவில்லை. கிணற்றிலிருந்து அள்ளினேன். இடுப்பு வலி.

ஸரீனா அடுக்களையில் சீலா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல்:

"அது புள்ள இல்ல."

"எது?"

"ரிஸ்னாட வயித்துல. காத்து இந்தப் போடு போடுது, அவ ஃபேனுக்குக் கீழ நிண்டு வேர்த்து ஒழுகிறா. கழுத்துல இருந்து நெருப்பு ஏறுதாம். சூடு வந்து நாலு நிமிசத்துல நடுங்குதாம். எனக்கு வந்ததுதான் அது."

அவளுக்கு வந்தது: கல்யாணமாகிச் சில வருடத்தில் நாள் நின்றது. என் உம்மா ஆடு வாங்க ஆள் அனுப்பினார். கண்ணூறுக்குப் பயந்து மூன்று மாதம் ஒளித்து வைத்தார்கள். பிறகு பிள்ளை இல்லை என்றதும் ஓதிய தண்ணீர், நூல், தேன், கருஞ்சீரகம். கொழும்புக்குப் போகும்போது இரண்டு வருடம் வீணாகியிருந்தது. சூலகத்தில் முட்டை உண்டாவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்றார் டொக்டர். ஊசிகள் போட்டார்கள், உடம்பு பதில் சொல்லவில்லை. வேறொரு பெண்ணின் முட்டையை வைத்துச் செய்யலாம் என்றார்கள். மார்க்கத்தில் கூடாது என்றார் மௌலவி. எங்களுக்கும் மனம் வரவில்லை.

என் வீட்டில் இரண்டாவது பெண் பார்க்கத் தொடங்குவார்கள் என்று தெரியும். புத்தளம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஸ.விடம் சொன்னேன்: யார் கேட்டாலும் குறை என்னிடம் என்று சொல். இருவரும் அதையே சொன்னோம். அவள் என்னிடம் வாக்கு வாங்கினாள், உண்மையை எவரிடமும் சொல்வதில்லை என்று. அவளுடைய நானாவிடமும்.

ஜூலை 8, செவ்வாய்

நிஸாரின் உப்பளம். வெயில் கண்ணைக் குத்துகிறது. ரிஸ்னாவைப் புத்தளத்தில் ஒரு டொக்டரிடம் காட்டு என்றேன். நாள் நின்றால் பிள்ளை என்று மட்டும் இல்லை, சில பெண்களுக்கு இந்த வயதிலேயே சூலகம் சோர்ந்துபோகும், எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது.

முதலில் சிரித்தான். பிறகு முகம் மாறியது.

"மச்சான், ஒங்கட வயித்தெரிச்சல என்ட புள்ளட தலையில கொட்டாதீங்க."

"எரிச்சல் இல்ல நிஸார். இது குடும்பத்துல வாற ஒண்டு."

"எந்தக் குடும்பத்துல? ஒங்கட ரத்தமா ஓடுது அவட ஒடம்புல? எங்கட பொம்பளைகளுக்கு ஒரு குறையும் இல்ல. குறை ஆருக்கெண்டு ஊருக்குத் தெரியும்!"

உப்பு அள்ளியவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும் எனக்கு. உன் தங்கைக்கு வந்தது. அந்த ஒன்றைத்தான் சொல்ல முடியாது. விழுங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் நுரைச்சோலை வரை இடமிருந்தும் உட்காரவில்லை. கோபம். பயம் இல்லை.

ஸ.விடம் கத்தினேன். உனக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றி உன் மருமகளைக் கெடுக்கப்போகிறேனா? அவள் அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 10, வியாழன்

ஸ. காலையிலேயே அபாயாவைப் போட்டுக்கொண்டு நின்றாள். "ஆலங்குடாவுக்குப் போறன். நீங்க வர வேணாம்."

பகல் முழுக்க ஒன்றும் ஓடவில்லை. முருங்கைக் கிளை காற்றில் முறிந்து மதிலில் விழுந்தது. வெட்டிப் போட்டேன். மீன்காரனிடம் காரணமில்லாமல் சண்டை.

அஸர் தொழுகைக்குப் பின் வந்தாள். துணி எடுக்க என்று சொல்லி ரிஸ்னாவைப் புத்தளத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். எங்களைத் தெரியாத ஒரு பார்மசியில் சோதிக்கிற பட்டை. ஒரு கோடுதான்; பிள்ளை இல்லை. பிறகு, அந்தப் பிள்ளையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். தன்னுடைய கதையை. முதன்முறையாக.

ரிஸ்னா கேட்டாளாம்: "அப்ப மூணு மாசமா நான் ஆரோட கதைச்சிட்டு இருந்தன் மாமி?"

ஸ. இதைச் சொல்லும்போது அழவில்லை. நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

ஜூலை 14, திங்கள்

டொக்டர். ஸ்கேன். ரிஸ்னாவின் கர்ப்பப்பையில் ஒன்றும் இல்லை. இரத்தம் சோதனைக்குக் கொழும்புக்குப் போகிறது.

நான் வாசிக்கிறேன். ஆராய்ச்சிகள் ஆங்கிலத்தில் குவிந்து கிடக்கின்றன. தமிழில் எங்கள் பெண்களுக்குப் புரியும்படி ஒரு பக்கம் தேடினேன், கிடைக்கவில்லை. குறிப்புகள்:

— நாற்பதுக்கு முன் சூலகம் சோர்வது அரிது. ஆனால் உண்டு. இருபதுகளிலும்.
— சில குடும்பங்களில் தொடரும். வாப்பாவின் தங்கைக்கு வந்தது மகளுக்கு வரலாம்.
— நின்றுவிட்டது என்றால் ஒரேயடியாக நின்றுவிட்டது என்று இல்லை. இடையில் விழிக்கும். ஊசியால் பலன் குறைவு. ஆனாலும் தானாகவே பிள்ளை உண்டானவர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்தக் கர்ப்பங்கள் பெரும்பாலும் மற்றவற்றைப் போலவே போகின்றன.
— பிள்ளை வேண்டாம் என்றாலும் ஹோர்மோன் மருந்து வேண்டும். எலும்புக்கு. இதயத்துக்கு.

கடைசி வரியை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. பிள்ளை இல்லை என்றதும் ஸ.வின் உடம்பில் யாருக்கும் அக்கறை இல்லாமல் போனது. போன வருடம் குளியலறையில் சும்மா கை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்தது. சொல்லாமல் விட்டவர்களை மன்னிக்க மாட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ரிப்போர்ட். நாங்கள் பயந்ததுதான். ஆனால் ஸ்கேனில் ஒரு பக்கத்தில் சில முட்டைப்பைகள் தெரிகின்றனவாம். "லேட் பண்ண வேணாம், கொழும்புக்குக் கடிதம் தாறன்" என்றார் டொக்டர். ஸ.வுக்கு இந்த வாய்ப்புக் கிடைத்திருக்க வேண்டியது.

ரிஸ்னாவே வாப்பாவிடம் சொல்லிவிட்டாள், மாமியின் கதையோடு சேர்த்து. நிஸார் வந்தான். வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. தங்கையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"இந்தக் கதை இந்த வீட்டோட நிக்கட்டும்."

மன்னிப்பு? அந்தச் சொல் அவனுக்குத் தெரியாது. பரவாயில்லை. நானும் எதிர்பார்க்கிறவன் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

இர்ஷாத் மோட்டார் சைக்கிளில் வந்தான். அவனுடைய உம்மா ரிஸ்னாவைத் தாய் வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்கிறாராம். வேறு இடத்தில் பெண்ணும் பேச்சில் வந்துவிட்டது. தேநீரைத் தொடவில்லை. கடைசியில்:

"மாமா, நீங்க ஒங்கட மேல போட்டுக்கிட்டீங்களாமே. நானும் அப்பிடியே சொல்லிடவா? குறை எனக்கெண்டு?"

என்னைப் போல ஒருவன் என்று மனம் ஒரு நிமிடம் குளிர்ந்தது. மறுநிமிடம் எரிந்தது.

"வேணாம். நான் மறைச்சது எனக்கு உதவிச்சு, ரிஸ்னாவுக்கு உதவல்ல. சூலகம் எண்டு வாயத் திறந்து சொல்லு. இது ஒரு வருத்தம், எல்லா நோயையும் போல மருந்து இருக்கு எண்டு சொல்லு. அவவ நீயே கொழும்புக்குக் கூட்டிப் போ. ஒன்ட உம்மாவ நினைச்சுப் பயமா?"

"பயந்தான்" என்றான். பிறகு முதல்முறையாகச் சிரித்தான். "செவ்வாய்க் கிழமைக்கு லீவு போட்டுட்டன்."

ஜூலை 22, செவ்வாய்

காற்று அடங்கவில்லை. மோட்டார் சரி. அவர்கள் இருவரும் விடிய முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மாமியார் வாசலுக்கு வரவில்லையாம்.

இரண்டு நாளாக எழுதியது முடிந்தது. இந்த மாவட்டத்து ஆட்கள் எல்லோரும் பார்க்கும் முகநூல் குழு ஒன்றில் போட. எளிய தமிழ். நாள் நின்றால் ஒளிக்காதே, சோதி. பிள்ளை இல்லை என்றால் டொக்டரிடம் போ. மூன்று மாதம் காத்திராதே. மாமியாருக்கு ஒரு பந்தி, மாப்பிள்ளைக்கு ஒரு பந்தி, மௌலவிமாருக்கு ஒரு பந்தி.

ரிஸ்னாவுக்கு அனுப்பினேன். பஸ்ஸில் இருந்தே வாசித்துவிட்டு அழைத்தாள். "மாமா, ஒரு வரி சேருங்க. வயித்தோட கதைச்சவங்க வெக்கப்பட வேணாம் எண்டு." சேர்த்தேன்.

கீழே என் பெயரைப் போட்டேன். முழுப் பெயர், பட்டம், படிப்பித்த வருடங்கள். நிஸார் வாசிக்க வேண்டும். சஹனைச் சுற்றிச் சிரித்த அத்தனை பேரும் வாசிக்க வேண்டும்.

ஸ. பின்னால் நின்று பார்த்தாள்.

"ஒங்கட பேரப் போட்டா என்ட பேரப் போட்ட மாதிரித்தான். அந்தப் புள்ளட பேரையும்."

"அப்ப ஒங்கட நானா சாகும் வரைக்கும் பகிடி விட்டுக்கிட்டு இருப்பான்."

"அவருக்கு இப்ப தெரியும்தானே."

"மத்தவனுகளுக்கு?"

"மத்தவனுகளுக்காகவா எழுதினீங்க?"

பதில் இருந்தது. ஓம் என்பதுதான் அது. பாதிக்கு மேல் அவர்களுக்காகத்தான் எழுதினேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

பெயரை அழித்தேன். பட்டத்தையும். பெயரில்லாமல் போடுகிறேன், நண்பகல் லுஹர் பாங்குக்கு முன்.